சைக்கிளின் நெற்றி

பிரிக்பீல்ட்ஸ்
13 ஜூலை 2025

அண்ணனுக்கு,

உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். அம்மாவின் போனிலிருந்து அழைத்தாலும் எடுக்கமாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீங்கள் தேற்ற ஆரம்பிப்பீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்காமலே போய்விடும். அதனால்தான் கடிதம். ஸ்டாம்ப் கேட்டபோது போஸ்ட் ஆபீஸ் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

என் கிஷனின் சைக்கிளைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது. இரண்டு துண்டு. ஒன்றில் ஹேண்டலும் முன்சக்கரமும், மற்றதில் மிச்சம் எல்லாம். பால்கனியில் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆன்டி, "ஏம்மா வீட்ல வச்சிருக்க, பழைய இரும்பு லோரிக்காரன்கிட்ட போட்டுடு" என்கிறார். போடுவதாக இல்லை.

அவர் மேல் கார் மோதவில்லை. ரோட்டில் குழி இல்லை, மழை இல்லை. பின்னால் வந்த நண்பர் என் முன்னாலேயே உங்களிடம் சொன்னார், ஞாபகம் இருக்கும். உலு யாம் மலைரோட்டு இறக்கத்தில், வளைவு வருவதற்குள்ளேயே, முன்பக்கம் தனியாகக் கழன்று ஓடியது என்றார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எவ்வளவு பேசினீர்கள். "ஸ்டீல் வேணாம் மச்சான், உங்க வேர்வைக்குப் பெயின்ட்டுக்கு அடியிலேயே துருப்பிடிச்சுரும். அலுமினியம் லேசுதான், ஆனா முதுகைப் பதம் பாக்கும், களைச்சுப் போச்சுன்னா சொல்லாம விட்டுரும். கார்பன் ஒரு அடி பட்டா உள்ள என்ன ஆச்சுன்னே தெரியாது. டைட்டானியம்னா துரு இல்ல, பெயின்ட் வேணாம், ரோட்டோட உதறலை அதுவே வாங்கிக்கும்." அதற்கு இவர், "அப்ப நான் செத்தாலும் சைக்கிள் இருக்கும்னு சொல்றீங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் குழம்பு ஊற்றிக்கொண்டே சிரித்தேன்.

அவர் போய்விட்டார். நீங்கள் செய்து கொடுத்த சைக்கிளும் இல்லை. அது ஏன் உடைந்தது? எனக்கு இதற்கு மட்டும் பதில் வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால், சா ஆலமில் உலோகத்தை அறுத்துச் சோதித்துச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறதாம், அங்கே கொடுத்துவிடுவேன்.

மலர்விழி

*

கிள்ளான்
20 ஜூலை 2025

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா கவரைப் பார்த்துவிட்டு, "எழுதியாச்சும் பேசுறாளே" என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

ஏன் உடைந்தது என்று கேட்கிறாய். நான் வெல்டிங் வைத்து ஒட்டியது சரியில்லை, அதனால் உடைந்தது. என் தப்பு. இதை யார் முன்னால் வந்து சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

இன்னும் விளக்கம் கேட்பாய் என்று தெரியும். டைட்டானியம் ஒரு விசித்திரமான உலோகம், மலர். ஆறிய பிறகு அதை எதுவும் ஒன்றும் செய்யாது. கடல் தண்ணீரில் வருஷக்கணக்கில் போட்டு எடுத்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் ஒட்டும்போது, சிவந்து கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரம், அதைப் போல பலவீனமானது இல்லை. காற்று, ஈரம், எண்ணெய், கைவிரல் அழுக்கு, கிடைத்ததை எல்லாம் குடித்துவிடும். குடித்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அடி தாங்காது. வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் உள்ளேயும் வெளியேயும் காற்று அண்டாமல் ஆர்கன் கேஸ் ஊதிக்கொண்டே ஒட்ட வேண்டும். இன்னொரு குணமும் உண்டு. சூடு அதற்குள் ஓடாது. ஒரு இடம் சிவந்து கிடக்கும்போதே நாலு விரல் தள்ளிக் கையால் பிடிக்கலாம். கிஷனுக்கு அதைச் செய்து காட்டினேன், சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார்.

அன்றைக்கு கேஸ் குறைந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஸ்டீலாக இருந்தால் விரிசல் விட்டதும் எந்தப் பட்டறையிலும் வைத்து ஒட்டிவிடலாம். இதற்கு அந்த வசதியும் கிடையாது. இதையெல்லாம் நான் மேசையில் சொல்லியிருக்க வேண்டும், நல்லதை மட்டுமே சொன்னேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதை அறுக்கக் கொடுக்காதே. எனக்கு அனுப்பிவிடு, இல்லாவிட்டால் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்கிறேன். தப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டதே, அறுத்து என்ன ஆகப்போகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
சுகுமாறன்

*

பிரிக்பீல்ட்ஸ்
3 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

கேஸ் குறைந்ததை நீங்கள் கவனிக்கவில்லையா? வீட்டில் சமையல் கேஸ் சிலிண்டரைக்கூட ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறவர் நீங்கள். பத்து வருஷம் ஃபேக்டரியில் டைட்டானியக் குழாய் ஒட்டிவிட்டு வந்து பட்டறை போட்டவர். இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லுங்கள், நம்புவார்கள்.

இந்த உலோகத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். பல் கிளினிக்கில் நான் தினமும் எடுத்துக் கொடுக்கிற, தாடையில் பதிக்கும் இம்பிளாண்ட் ஆணி டைட்டானியம்தான். பெட்டியைத் திறந்தால் கையுறை போட்ட விரல்கூட அதில் படக்கூடாது. புதிதாக வருகிற பெண்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் "நீ படிச்சது வேற" என்று என்னை ஒதுக்க வேண்டாம்.

நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். தப்பு உங்களுடையது என்று இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவர், சைக்கிளை அறுப்பதற்கு ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்? ஃபிரேமுக்குப் போட்ட குழாய், அந்த டியூப் மட்டமா? நல்லது என்று சொல்லி வேறு எதையாவது போட்டுவிட்டீர்களா?

போன வருஷம் ஆயுத பூஜைக்கு நாங்கள் பட்டறைக்கு வந்திருந்தோம். ஸ்டாண்டில் இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. டியூப்களை வெட்டிப் பொருத்தி வைத்திருந்தீர்கள், ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. "ஒன்னு மச்சானுக்கு, ஒன்னு எனக்கு, ஜோடி" என்றீர்கள். உங்கள் முகத்தில் அவ்வளவு பெருமை. நானே இரண்டையும் தொட்டுக் கும்பிட்டேன். அப்படிப்பட்ட மனிதர் என் புருஷனுக்கு மட்டம் போட்டுக் கொடுத்திருப்பார் என்று நினைக்கவே வாய் கசக்கிறது. ஆனால் வேறு எதை நினைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

நீலத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே. ஹேண்டல் டியூபுக்குக் கீழே ஒட்டின இடம் மயில் கழுத்து மாதிரி நீலமாக இருந்தது. வருகிறவர்களிடம் எல்லாம் கிஷன் தடவிக் காட்டுவார், "நீலகண்டன் லா" என்று. உடைந்ததும் சரியாக அந்த நீலத்தில்தான்.

இன்னொன்று. நீங்கள் ஞாயிறுதோறும் விடியும் முன்னே கிளம்பி உலு யாம் போய் ஓட்டுகிறீர்களாம். அம்மா அத்தையிடம் சொல்லி, அத்தை என்னிடம் சொன்னார். அதே இறக்கம். கிஷன் விழுந்த ரோட்டில் உங்களால் எப்படி அண்ணா காற்று வாங்க முடிகிறது? கருமாதி முடிந்த வாரமே போனீர்களாம். வெட்கமாக இருக்கிறது, உங்கள் தங்கை என்று சொல்ல.

மலர்விழி

*

கிள்ளான்
17 ஆகஸ்ட் 2025

மலருக்கு,

டியூப் மட்டமில்லை. கிஷனுக்கு நான் மட்டம் போடவில்லை. இதை மட்டும் நம்பு.

நீலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒட்டு ஆறியதும் வெள்ளி மாதிரி மின்னினால் நல்ல ஒட்டு. வைக்கோல் நிறம் வந்தால் பரவாயில்லை, விடலாம். நீலம் வந்தால் அது எதையோ குடித்துவிட்டது என்று அர்த்தம், அறுத்துப் போட வேண்டும். ஃபேக்டரியில் நீலம் வந்த குழாயை யோசிக்காமல் அறுத்திருக்கிறேன், சூப்பர்வைசர் கத்தினாலும் அறுத்திருக்கிறேன்.

கிஷனுடையதை அறுக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒட்டி முடித்து ஆற வைத்திருந்தேன், கிஷன் வேலை முடிந்து நேரே வந்துவிட்டார். நீலத்தைப் பார்த்துவிட்டு, "மச்சான், இது என்ன கலர் லா, இதை பாலிஷ் பண்ணிராதீங்க, இப்படியே இருக்கட்டும்" என்றார். அறுத்தால் அந்த டியூப் வீண். வேறு டியூப் வெளிநாட்டிலிருந்து வர மாசக்கணக்கில் ஆகும். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு விரல் அகலம்தானே நீலம், மற்ற இடமெல்லாம் வெள்ளி மாதிரி இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியும், மலர். தெரிந்துதான் விட்டேன். அவர் கனமான ஆள், அந்த இடத்தில்தான் எல்லா பாரமும் விழும், அதுவும் தெரியும்.

இப்போது உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நீலத்தைப் பார்த்தும் விட்டவன் நான். என்னை வெறுத்துக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அதோடு நிறுத்திக்கொள். அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்காதே. கடலில் போடு, பழைய இரும்புக்குப் போடு, என்னிடம் கொடு. உள்ளே நோண்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உலு யாமைப் பற்றி நான் எழுத முடியாது.

சுகுமாறன்

*

பிரிக்பீல்ட்ஸ்
7 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

"உள்ளே நோண்டாதே" என்று எழுதினீர்கள். அதை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் உள்ளே பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது.

சா ஆலமுக்குக் கொண்டுபோகவில்லை. கிளினிக்கில் டாக்டர் தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு வைத்த பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தேன். பால்கனியில் உட்கார்ந்து, போர்வையை எடுத்துவிட்டு, உடைந்த டியூபின் வாய்க்குள் பார்த்தேன். உடைந்த விளிம்பு சாம்பலாக, சொரசொரப்பாக இருந்தது. அதற்கு நாலு விரல் கீழே, உள்சுவரில், ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. மஞ்சள். நடுவில் சிவப்பு.

துரு என்று நினைத்தேன். பிறகு, இது துருப்பிடிக்காதே என்று ஞாபகம் வந்தது.

பல் சுரண்டும் ஊசியால் சுரண்டி, ஈரப் பஞ்சில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். சிவப்பு, குங்குமம்.

சூடு அதற்குள் ஓடாது, நாலு விரல் தள்ளிக் கையால் பிடிக்கலாம் என்று எழுதினீர்களே. அதனால்தான் கருகாமல் இருந்திருக்கிறது.

அண்ணா, எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. லேத்துக்கு, டிரில்லுக்கு, கேஸ் சிலிண்டருக்கு எல்லாம் அம்மா பொட்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். சைக்கிளிடம் வந்ததும் நீங்கள் தட்டை வாங்கி என்னிடம் நீட்டினீர்கள், "தங்கச்சி கையால வை" என்று. எங்கே வைப்பது என்று கேட்டேன். "நெத்தியில" என்று சிரித்தார் கிஷன். ஹேண்டல் டியூபும் கீழே வருகிற டியூபும் சேரும் இடத்தைக் காட்டி, "இதானே இவரோட நெத்தி" என்றார். குழைத்த சந்தனத்தை அள்ளி நிறைய வைத்தேன். அதன் மேல் குங்குமம். அதன் மேல் பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்தே விட்டேன். ஒட்டாத டியூப், நடுவில் மயிரிழை இடைவெளி. அதற்குள் இறங்கியிருக்கிறது. ஒட்டும்போது உலோகம் அதைத்தான் குடித்திருக்கிறது.

கிளினிக்கில் விரல் படக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறவள் நான். அங்கே அது இம்பிளாண்ட். பட்டறையில் அது சாமி. இரண்டும் ஒரே உலோகம் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை.

"தொடைச்சிராதீங்கண்ணே, நாள் கழியட்டும்" என்று போகும்போது வேறு சொன்னேன்.

உங்களுக்கு இது எப்போது தெரியும்? என் மேல் பழி வராமல் இருக்கத்தானே கேஸ் குறைந்தது என்று பொய் எழுதினீர்கள்? இத்தனை வாரமும் உங்களை வெறுத்துக்கொண்டுதான் நான் எழுந்தேன், வேலைக்குப் போனேன், சோறு தின்றேன். அது எனக்குக் கைத்தடி மாதிரி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. குளியலறைக் கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உடனே எழுதுங்கள். நான் அன்றைக்கு ஒன்றுக்கு வைக்கவில்லை. இரண்டுக்கும் வைத்தேன். இரண்டாவது சைக்கிள் எங்கே?

மலர்

*

கிள்ளான்
21 செப்டம்பர் 2025

மலரு,

இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்திவிட்டேன்.

முதலில் இதைக் கேள். பொட்டு வைத்தது குற்றமில்லை. ஆயுத பூஜை வருகிறது, தட்டு வரும், சந்தனம் வரும் என்று தெரிந்தும் ஒட்டாத டியூபை ஸ்டாண்டில் விட்டவன் நான். தட்டை நீட்டியவன் நான். மறுநாள் வெளியே மட்டும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பிரித்து உள்ளே துடைத்திருக்க வேண்டும். திரும்பப் பொருத்தி நேர் பார்க்கப் பாதி நாள் ஆகும் என்று சோம்பல்பட்டேன். நீலம் வந்ததும் ஈரம் என்று நினைத்தேன், சந்தனம் என்று நினைக்கவில்லை. அப்போதும் அறுக்கவில்லை. இத்தனையும் நான் செய்தது. நீ கும்பிட்டாய், அவ்வளவுதான் நீ செய்தது.

கருமாதி முடிந்து வந்த அன்று, சீட்டுக் கம்பியைக் கழற்றி, சின்ன கேமரா வயரைக் கீழ் டியூபுக்குள் விட்டுப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக ஒரு கோடு. அப்போதுதான் தெரிந்தது. கிஷனுடையதிலும் இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் உன்னை அறுக்க விடவில்லை. உனக்கு இது தெரியாமலே போய்விட வேண்டும் என்று நினைத்தேன். பொய் சொல்லவும் எனக்குச் சரியாக வரவில்லை.

கழற்றிப் பார்த்தது என்னுடையதை. ஜோடி என்று சொன்னேனே. இரண்டாவது என்னுடையதுதான். அதே நெற்றி, அதே நீலம். அதைத்தான் ஓட்டுகிறேன்.

நீ கேட்டாயே, அந்த ரோட்டில் எப்படிக் காற்று வாங்க முடிகிறது என்று. நான் காற்று வாங்கப் போகவில்லை, மலர். கிஷனை எந்த இடத்தில் அது விட்டதோ அதே இடத்தில் என்னையும் விடட்டும் என்று பிரேக் பிடிக்காமல் இறங்குகிறேன். நானாகக் குதிக்கத் தைரியம் இல்லை. சைக்கிள் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். நான் எடை குறைவு, அதனால் தாமதமாகிறது போலிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குத் திரும்பி வந்து அம்மா போடுகிற தோசையைச் சாப்பிடுகிறேன்.

இன்று காலை துடைக்கும்போது நீலத்தின் ஓரத்தில் ஒரு கோடு பார்த்தேன். மயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. இனி ரொம்ப நாள் ஆகாது.

அம்மாவை நீ கூட்டிக்கொண்டுபோய் வைத்துக்கொள். மருந்து எல்லாம் மேசை டிராயரில் இருக்கிறது.

அண்ணன்

*

பிரிக்பீல்ட்ஸ்
24 செப்டம்பர் 2025

அண்ணே,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. பிளாக்கை எடுத்துவிட்டுப் போன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்கவில்லை. அம்மாவிடம் பேசிவிட்டேன். "சைக்கிள்ல விரிசல் இருக்கு, அவன ஏற விடாதீங்க, பட்டறையைப் பூட்டிச் சாவிய இடுப்புல செருகிக்கங்க" என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை, ஆனால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், உடனே சாவியைத் தேடப் போய்விட்டார்கள்.

போன் எடுக்கமாட்டாய், கடிதம் என்றால் படிப்பாய். அத்தை மகன் இதை எடுத்துக்கொண்டு மோட்டர் சைக்கிளில் கிள்ளானுக்குக் கிளம்பி நிற்கிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ நீலத்தைப் பார்த்தும் விட்டதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை. நான் வைத்த பொட்டை என்ன செய்வது, அதுவும் தெரியவில்லை. நெற்றியைத் தொடும்போதெல்லாம் கை கூசுகிறது. நீ செத்தால் இதில் எதுவும் குறையாது. உனக்கும் சேர்த்து நானே பொட்டு வைத்தவள் ஆகிவிடுவேன், அதுதான் மிஞ்சும். கிஷனைத் தெரியாமல் கொன்றேன். உன்னைத் தெரிந்து கொன்றவளாக என்னை ஆக்கிவிட்டுப் போகாதே. என்னால் முடியாது, அண்ணே. சத்தியமாக முடியாது.

கல்யாணத்துக்கு முன்னால் உன்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். கிஷன் முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று நீங்கள் ஆக்கினேன். இனிமேல் அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உலு யாமுக்குப் போகாதே, இங்கே வா. அந்தச் சைக்கிளையும் கொண்டு வா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெற்றியில் அறுத்துப் போடுவோம். நீ அறு, நான் பிடித்துக்கொள்கிறேன். காலையில் வரும் முதல் கொமுட்டர் ரயில் நேரத்திலிருந்து சென்ட்ரல் பிளாட்பாரத்தில் நிற்பேன், நீ இறங்கும்வரை நிற்பேன்.

ஓட்டிக்கொண்டு வராதே. வீட்டிலிருந்து கிள்ளான் ஸ்டேஷன் வரைக்கும்கூட ஏறாதே. உன்னை எனக்குத் தெரியும், தள்ளிக்கொண்டு வந்தாலும் ஏறிவிடுவாய். ஃபிரேமை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வா. சக்கரம் இரண்டையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா.

மலரு